ரோசாவில் கரும்புள்ளி

வீட்டு முன்றலில் ரோசா வைத்திருக்கும் அன்பர்கள் அடியிலைகளை ஒருமுறை கவனியுங்கள். மேற்பக்கத்தில் ஓரம் பிசிறிய கரும்புள்ளிகளும் சுற்றிவர மஞ்சளும் தெரிந்தால் அது பங்கசு நோய். (வெள்ளை மாப்போலப் படிவது வேறு பங்கசு, அதற்கு இலை நனையவே தேவையில்லை.) நான் பசளைக் குறைவென்று பிழையாகக் கணக்குப் போட்டு, பசளையும் இட்டு, மாலைதோறும் செடியை முழுக்காட்டினேன். ஆவணி பிறக்குமுன் இலையெல்லாம் கொட்டிவிட்டது. இலையில் ஏறத்தாழ 7 மணி நேரம் ஈரம் நின்றாலே கரும்புள்ளி தொற்றிவிடும். இரவு முழுவதும் அந்த ஈரத்தைக் கொடுத்தவன் நானே. காலையில், அடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். விழுந்த இலைகளிலிருந்தே பங்கசு பனிக்காலத்தைக் கழிக்கும். அவற்றைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், கூட்டெருவில் சேர்க்க வேண்டாம். மருந்து புதிய இலையைக் காக்குமேயன்றி, புள்ளி விழுந்த இலையைத் திருத்தாது.