பிளஸ் 2 உயிரியல் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி?

விவசாயப் பெருமக்களுக்கு மார்ச் மாதம் ஓய்வில்லாத மாதம். தாளடி அறுவடை முடிந்த கையோடு தரிசு உளுந்து காய்க்கும். மஞ்சள் வேகவைக்க வேண்டும், கரும்பு வெட்டவும் வேண்டும். ஆள் கிடைப்பதில்லை. பிளஸ் 2 படிக்கும் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வும் அதே மாதத்தில்தான் வருகிறது. "இரண்டு நாள் களத்தில் நின்றுவிட்டுப் போகட்டுமே" என்று மகளையோ மகனையோ நிறுத்திவிடும் வீடுகளை நமது கிராமங்களில் இன்றும் காணலாம்.

அந்த இரண்டு நாளின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வேளாண்மை இளநிலைப் பட்டப் படிப்பிற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிளஸ் 2 மதிப்பெண்ணைக் கொண்டே மாணவர்களைச் சேர்க்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இப்படிப்பில் 7.5 சதவீத இடங்கள் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியே ஒதுக்கப்படுகின்றன. ஓர் இடத்திற்குப் பலர் போட்டியிடும்போது அரை மதிப்பெண்கூட வரிசையை மாற்றிவிடும். ஆகவே தேர்வுக்கு முந்தைய எட்டு வாரங்களுக்குக் கூலி ஆள் கணக்கில் பிள்ளையைச் சேர்க்காமல் இருப்பது நலம். ஆனால் வயலுக்கே வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உயிரியல் பாடத்தில் ஒரு பெரும்பகுதி நமது வரப்பிலேயே கிடக்கிறது.

மேலுரமும் திருப்புதலும்

பெரும்பாலான பிள்ளைகள் பாடத்தை ஐந்து முறை, பத்து முறை என்று வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்கப் பாடம் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது. தேர்வு அறையில் புத்தகம் இல்லாதபோதுதான் தெரியாதது தெரியவருகிறது.

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு சோதித்துக் காட்டினர். மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்தனர். ஒரு பிரிவினர் அதை நான்கு தவணை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று தவணையும் கட்டுரையைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தே வந்தவர்கள் 83 சதவீதம் நினைவு வைத்திருந்தனர். எழுதியவர்கள் 71 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. படித்தவர்கள் 40 சதவீதத்திற்கு இறங்கிவிட்டனர். எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தில் நின்றனர். பொதுத் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை அல்லவா?

எனவே திருப்புதல் என்றால் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதுவதும் வரைவதும்தான். எழுதியபின் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையினால் சேர்க்க வேண்டும். அந்த நிறத்தில் உள்ளவற்றை மட்டும் மறுமுறை கவனித்தால் போதும்.

இடைவெளியும் முக்கியம். நெல்லுக்குத் தழைச்சத்து முழுவதையும் ஒரே நாளில் இட்டால் பாதி வீணாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பிரித்து இடுகிறோம். படிப்பும் அப்படியே. இன்று படித்த பாடத்தை நாளை ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை, பிறகு மாதக் கடைசியில் ஒருமுறை பாராமல் எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்திற்கு மேல் ஆகாது. ஒரே இரவில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட இது அதிகப் பலன் தரும்.

வயலில் உள்ள பாடங்கள்

உயிரியலில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டிற்கு 10. தாவரவியலில் முதலில் வரும் பாடமே தாவர இனப்பெருக்கம். இதை வீட்டைச் சுற்றியே நடத்திவிடலாம்.

காலையில் பூசணிக் கொடியைப் பிள்ளையிடம் காட்டுங்கள். இதழுக்குக் கீழே சிறு பிஞ்சு போன்ற பகுதி இருந்தால் பெண் பூ, இல்லாவிட்டால் ஆண் பூ. அந்தப் பிஞ்சுதான் கீழ்மட்டச் சூற்பை. இரண்டும் ஒரே கொடியில் இருப்பதும், பப்பாளியில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே இருப்பதும் தேர்வில் கேட்கப்படும் வேறுபாடுகள். (பூசணிப் பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். தேனீ மடிந்தால் காயும் இல்லை.) மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்கள் சூல்தண்டும் சூல்முடியுமே ஆகும். ஒரு நூலுக்கு ஒரு மணி. மகரந்தம் சேராத நூலுக்குரிய இடம் பொக்கையாக நிற்கும். பொக்கைக் கதிர் ஒன்றை உரித்துக் கையில் கொடுத்தால் மகரந்தச் சேர்க்கை மறக்காது.

இரட்டைக் கருவுறுதல் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம். அதற்குத் தேங்காய் இருக்கிறது. ஓர் ஆண் இனச்செல் முட்டையுடன் சேர்ந்து கருவாகிறது, அது இருமடியம். மற்றொன்று இரு துருவ உட்கருக்களுடன் சேர்ந்து கருவூண் திசுவாகிறது, அது மும்மடியம். நாம் குடிக்கும் இளநீரும் துருவும் பருப்பும் இந்தக் கருவூண் திசுவே. இளநீரில் உட்கருக்கள் சுவரில்லாமல் மிதக்கின்றன. பருப்பில் செல்சுவர் தோன்றிவிட்டது. கரு எங்கே என்றால் மென்மையான கண்ணுக்கு அடியில் சிறு முளையாக இருக்கும். முளைத்த தேங்காயை உடைத்தால் கிடைக்கும் தேங்காய்ப்பூ, உணவை உறிஞ்சுவதற்காகப் பருத்த வித்திலைப் பகுதி. அடுத்து ஆமணக்கையும் அவரையையும் பிளந்து காட்டலாம். ஆமணக்கில் கருவூண் திசு நிற்கிறது. அவரையில் வித்திலைகள் அதை உண்டு முடித்துவிட்டன.

மரபியலுக்கும் நம்மிடம் சான்று உண்டு. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையில் செடிகள் எல்லாம் ஒரே சீராக வருகின்றன. அதில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் நெட்டையும் குட்டையுமாகக் கலந்து வருகின்றன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. உண்மையில் அது மெண்டல் கண்டது. அவர் 1856 முதல் 1863 வரை பட்டாணியில் ஆய்வு செய்து, இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டைச் செடிகளையும் 277 குட்டைச் செடிகளையும் எண்ணினார். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. இந்த விகிதத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, கணக்கு சற்று மாறினால் திகைத்துவிடும். பெற்றோர், இனச்செல், கட்டம், விகிதம் என்று நான்கு படியாக எழுதிப் பழகிய பிள்ளை தப்பிக்கும்.

பயிர்ப் பெருக்கப் பாடத்தில் வரும் ஐ.ஆர்.8 நெல், பீட்டா என்ற நெட்டை ரகத்தையும் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை ரகத்தையும் கலந்து உருவாக்கி, பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்டது. அதைப் பயிரிட்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பழைய நெட்டை ரகங்கள் உரமிட்டால் சாய்ந்த கதையை அவர்களே சொல்லட்டும். கடலைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின். நுண்ணுயிரிகள் பாடத்திற்குத் தயிரும் இட்லி மாவும் சாண எரிவாயுக் கலனும் போதும்.

ஓர் எச்சரிக்கை. நமது பேச்சுச் சொல்லுக்குத் தாளில் மதிப்பெண் இல்லை. மாங்கன்று ஒட்டுக் கட்டும்போது நாம் வேர்ச்செடி என்கிறோம். பாடநூல் வேறு சொல்லைக் கையாள்கிறது. இஞ்சியும் மஞ்சளும் நமக்குக் கிழங்கு, பாடநூலில் மட்டநிலத்தண்டு. ஆகவே வயலில் பார்த்ததை அன்று மாலையே பாடநூல் சொல்லால் எழுதிவிட வேண்டும். தாவரப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் பேரினம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், சிற்றினம் சிறிய எழுத்தில். இரண்டின் அடியிலும் தனித்தனிக் கோடு வேண்டும்.

விலங்கியலில் எல்லாமே வயலில் கிடைக்காது. டி.என்.ஏ. இரட்டிப்பாதல், மனிதரின் ஹார்மோன்கள், நோய்த்தடைக்காப்பு ஆகியவற்றைப் படம் வரைந்தே பழக வேண்டும். மனித இனப்பெருக்கப் பாடத்தைக் கூச்சத்தினால் சில வீடுகளில் சத்தமாகப் படிக்க விடுவதில்லை. மாடு 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவத்திற்கு வருவதைக் கூச்சமின்றிப் பேசும் நாம், மகள் 28 நாள் சுழற்சியைப் படிக்கும்போது முகம் சுளிக்கலாமா? அதுவும் மதிப்பெண் உள்ள பாடம்.

படிக்காத பெற்றோரும் தேர்வு வைக்கலாம்

எழுத்தறியாதவர்கள் "எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டியதில்லை. சாணி அள்ளும்போதோ கீரை ஆயும்போதோ பிள்ளையிடம் இன்று படித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். ஏன், எப்படி, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றைக் கேளுங்கள். உங்களுக்கே விளங்கும்படி சொல்ல முடியாத இடத்தில் பிள்ளைக்கும் விளங்கவில்லை என்று பொருள். படத்திற்கு இன்னும் எளிய வழி உண்டு. சூலின் படத்தைப் பாராமல் வரையச் சொல்லி, அதில் பெயரிட்ட கோடுகளை எண்ணுங்கள். பிறகு புத்தகப் படத்தில் எண்ணுங்கள். அங்கே ஒன்பது, இங்கே ஆறு என்றால் மூன்று குறை. இதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

நேரக் கணக்கும் பழக வேண்டும். தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பெண் வினா 8, இரண்டு மதிப்பெண் 4, மூன்று மதிப்பெண் 3, ஐந்து மதிப்பெண் 2 எழுத வேண்டும். தேர்வு நேரம் மூன்று மணி. முதல் பாதியில் அழகாகப் படம் வரைந்துகொண்டிருந்து விலங்கியலுக்கு நேரமில்லாமல் தவிப்போர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கடிகாரம் வைத்து முழுத்தாளையும் வீட்டில் எழுதிப் பார்ப்பது அவசியம்.

தேர்வுக்கு முதல் நாள் புதிய பாடம் எதையும் தொட வேண்டாம். வேறு நிற மையில் எழுதியவற்றை மட்டும் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குள் படுக்கட்டும். அன்றிரவு மோட்டார் போட, தண்ணீர் திருப்ப நீங்களே எழுந்து செல்லுங்கள். நுழைவுச்சீட்டு, இரண்டு பேனா, பென்சில், அழிப்பான் ஆகியவற்றை மாலையிலேயே எடுத்து வைத்து, காலையில் வழக்கமாகச் செல்லும் பேருந்துக்கு முந்தைய பேருந்தில் அனுப்பி வையுங்கள்.