மூடி துள்ளினால் எஞ்சின் முடிந்ததா?

வெருகல் ஆற்றின் குறுக்கே 2011இல் பாலம் வரும்வரை, திருகோணமலை–மட்டக்களப்பு வீதியால் வந்த வண்டிகள் இங்கே பாதைக்காகக் காத்துக் கிடந்தன. இன்று நெல்லும் மீனும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடக்கும் கெப்களில் பல, பாலத்தைவிட வயதில் மூத்தவை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்தாண்டில் பழைய ஹைலக்ஸ்களின் விலை ஏறியது. அவற்றின் எஞ்சினுக்கு நாள் குறிக்கும் சாத்திரிமாரும் பெருகிவிட்டார்கள்.

நம்பிக்கை: ஓடும் எஞ்சினில் ஒயில் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தால் துள்ளுகிறதா? கம்பிரஷன் போய்விட்டது.

நல்ல டீசல் எஞ்சினிலும் கொஞ்சக் காற்று பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறும் குழாய் அழுக்கேறி அடைபட்டிருந்தால் மூடி இன்னும் பலமாய்த் துள்ளும். குழாயைக் கழுவிவிட்டுத் திரும்பப் பாருங்கள். அதன் பிறகும் புகைபோல் அடித்துக்கொண்டு வந்தால் சந்தேகப்படலாம். தீர்ப்புச் சொல்ல கம்பிரஷன் மீற்றர் வேண்டும்.

நம்பிக்கை: மீற்றர் ஒரு எண்ணைக் காட்டும், அதுவே தீர்ப்பு.

பல ஹைலக்ஸ்களில் இருக்கும் 3எல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். புதிதில் ஒவ்வொரு சிலிண்டரிலும் 455 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்; 284க்குக் கீழே போனால் வேலை செய்தே ஆக வேண்டும். ஆனால் பாஸ்மார் பலர் சொல்ல மறப்பது மூன்றாவது எண்ணை: சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 71ஐத் தாண்டக்கூடாது. நான்கும் 340இல் நின்றால் அது சீராகத் தேய்ந்த எஞ்சின், இன்னும் ஓடும். மூன்று 400இல் நிற்க ஒன்று மட்டும் 270 என்றால் வால்வைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் இடையில் ஹெட் காஸ்கெட் எரிந்திருக்கலாம். இவற்றில் எதற்கும் முழு ஓவர்ஹோல் முதல் மருந்தல்ல.

அந்த எண்களும் சும்மா கிடைப்பதில்லை. எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும். டீசல் வரத்தை நிறுத்த வேண்டும். நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாய் மீற்றரைப் பூட்ட வேண்டும். ஸ்டாட்டர் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 250 தடவை சுற்ற வேண்டும். பற்றறி சோர்ந்திருந்தால் எண் இறங்கும், பழி எஞ்சினில் விழும். பெற்றோல் வண்டிக்குரிய மீற்றரைக் கொண்டுவருபவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். அதன் முள் பெரும்பாலும் 300இலேயே முடிந்துவிடும்.

நம்பிக்கை: சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றி மறுபடி அளந்தால் ரிங்கா வால்வா என்று தெரிந்துவிடும்.

பெற்றோல் எஞ்சினில் சரி. டீசலில் வேண்டவே வேண்டாம். 3எல்லின் ஒரு சிலிண்டர் சுமார் 695 கன சென்ரிமீற்றர். காற்று 22இல் ஒரு பங்காக நசுங்குகிறது. பிஸ்டன் மேலே வந்து நிற்கையில் மிஞ்சும் இடம் வெறும் 33 கன சென்ரிமீற்றர். அதில் இரண்டு தேக்கரண்டி ஒயில் விட்டால் மூன்றிலொரு பங்கு இடம் போய்விடும். செத்த ரிங்கும் பொய்யாக உயிர்த்துவிடும். கை தாராளமானால் கொன்ரொட் வளையும். ஒயில் நசுங்காது, இரும்புதான் விட்டுக்கொடுக்கும்.

நம்பிக்கை: கறுப்புப் புகை என்றால் ரிங் போய்விட்டது.

கறுப்பு, காற்றுக் குறைவையோ டீசல் அதிகத்தையோ சொல்கிறது. ரிங்கைச் சந்தேகிக்க வைப்பது நீலம். கறுப்பென்றால் முதலில் எயார் பில்டரைத் திறந்து பாருங்கள்: அறுவடைக் காலத்தில் வயல் வீதியில் ஓடும் கெப்பில் அது தூசியால் அடைத்திருக்கும். அதைவிடப் பொல்லாதது பில்டருக்குப் பின்னால் வெடித்த குழாய். புகையே காட்டாமல் மணலை உள்ளே இழுத்து, ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவிவிடும்.

நம்பிக்கை: இங்கே ஒரே அடியில் ஸ்டாட் ஆகிறது, ஆகவே கம்பிரஷன் நல்லம்.

வெருகல் வெயிலில் தேய்ந்த எஞ்சினும் எழும்பும். சுமார் 1,870 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றழுத்தமே ஐந்திலொரு பங்கு குறைவு, குளிர் வேறு. அங்கே விடியற்காலையில்தான் அதன் சாயம் வெளுக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை: வண்டி பார்க்கப் போனால் திறப்பைக் கேட்க முன் பொனற்றில் கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறதென்றால், நீங்கள் வருமுன்னரே யாரோ அதை எழுப்பிவிட்டிருக்கிறார்கள்.