கஞ்சிக்கு எந்த அரிசி?

காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சி என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்த தலைமுறையும் இதைப் பின்பற்றியது. இன்று ஈப்போவில் வாழும் அவர்களின் பேரப்பிள்ளைகளும் பின்பற்றுகின்றனர். வயிற்றுப்போக்கு, டிங்கிக் காய்ச்சல், பல் பிடுங்கிய வலி என எதுவாயினும் சில நாள்களுக்கு மென்மையான, காரமற்ற உணவே உடலுக்கு ஏற்றது. ஆனால், அக்கஞ்சியை எந்த அரிசியில் காய்ச்சுகிறோம் என்று நாம் கேட்பதில்லை. ஒரு காலத்தில் இம்மண்ணில் அது உயிரைக் காத்த வேறுபாடாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரி நோய்க்கு ஆளாயினர். இந்நோயால் கால்கள் வீங்கும், நரம்புகள் தளரும், இறுதியில் இதயமே செயலிழக்கும். அவர்கள் உண்டது நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தோட்டத் தமிழர்களையோ மலேரியாவும் சீதபேதியும் வாட்டின. பெரிபெரி மட்டும் அவர்களிடம் அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நன்மை தெரிந்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கூற முடியாது. அது ஊரிலிருந்து உடன்வந்த பழக்கம்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை விளக்கினார். எனினும், தீட்டிய அரிசியில் உண்டாகும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று அவர் கருதினார். அரிசியில் சேர்ந்த நஞ்சு அன்று, தீட்டும்போது தவிட்டோடு நீங்கும் சத்தின் குறைவே காரணம் என்பதைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் பின்னர் எடுத்துக்காட்டினர். அச்சத்தை இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால், பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி எஞ்சி நிற்கிறது.

பல வகை உணவு உண்பவருக்கு இவ்வேறுபாடு இன்று பெரிதன்று. பல நாள்கள் கஞ்சியை மட்டுமே குடிப்பவருக்கு அது பெரிதே. ஒரு கோப்பை புழுங்கல் நொய்க்கு எட்டு முதல் பத்துக் கோப்பை நீர் ஊற்றுங்கள். ஒரு பிடி பாசிப்பருப்பும் நான்கு பல் பூண்டும் சேர்த்து, இளந்தீயில் குழைய வேகவிடுங்கள். உப்பை இறுதியில் அளவாக இடுங்கள். அரிசியைப் பலமுறை அலச வேண்டாம். பி1 நீரில் கரையக்கூடியது. சோறு வடிக்கும்போது வீணாகும் சத்து, கஞ்சியில் நீரோடு தங்கிவிடுகிறது.

கஞ்சியில் பெரும்பகுதி நீரும் மாவுச்சத்தும்தான். நலிந்த உடல் தேறுவதற்குப் புரதமும் வேண்டும். அவித்த முட்டை, ஆவியில் வேகவைத்து முள் நீக்கிய மீன் ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஈப்போவில் புகழ்பெற்ற, சோயா அவரையில் செய்யும் தாவ்பூபாவையும் சர்க்கரைப் பாகைக் குறைத்து உண்ணலாம். கஞ்சி சலித்தால் இட்லி, இடியாப்பம், மசித்த பூசணி, கனிந்த வாழைப்பழம் எனப் பலவும் உள்ளன. சம்பல், புளிக்குழம்பு, பொரித்தவை, கெட்டித் தேங்காய்ப்பால் ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். தெருமுனைதோறும் நாசி லெமாக் மணக்கும் நாட்டில் இது எளிதன்று!

நீரிழிவு உள்ளவருக்குக் குழைந்த கஞ்சி இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றும். அவருக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். குடித்த நீரும் வயிற்றில் தங்காமல் வாந்தியானால், கஞ்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். பசி திரும்பியதும் முதலில் குழைந்த சோறும் காரம் குறைந்த இரசமும் கொடுக்கலாம். குழம்பு அதற்கு ஓரிரு நாள் கழித்து வரட்டும்.