ஷிஃப்ட் முடிந்த மாலைக்கு ஒரு ரோஜா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துப் புதுவாயல் திரும்பியதும், செல்போனுக்குப் பதில் தூரிகையைக் கையில் எடுங்கள். பூக்கடையில் ஒரு பன்னீர் ரோஜா வாங்கி எதிரே வையுங்கள்; இதழ்கள் நெருங்கி அடுக்கிய அந்தப் பூதான் பழைய ரோஜா ஓவியப் பாணிக்குப் பொருத்தம். 300 ஜிஎஸ்எம் தாள், வாட்டர் கலர், உருண்டைத் தூரிகை ஒன்று போதும். தாளை நனைத்து, நீரின் மினுமினுப்பு அடங்கும் நேரத்தில் வெளிர் இளஞ்சிவப்பைத் தொட்டு வையுங்கள். ஓரங்கள் தாமாகவே கரையும். நிறம் பளிச்சென்று அடித்தால் துளி பச்சை கலந்து மங்கவையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே நடுச்சுழியில் அடர்நிறம். வெளிச்சம் விழும் இடத்தில் தாளின் வெள்ளையையே விட்டுவிடுங்கள், அதுதான் அழகு. அந்தப் பழைய பாணிக்கு மாதிரியாக, 1817 முதல் 1824 வரை பாரிஸில் வெளியான ஓவியர் ரெதூதேயின் ரோஜாப் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒவ்வோர் இதழையும் நிதானமாகப் பாருங்கள். மழைக்காலத்தில் தாள் காய நேரமெடுக்கும், அவசரப்படாதீர்கள்.