ஆங்கிலத்தில் உறழ்பொரு

"கடலிற் சிறிது குளம்" என்புழி, உறழ்ச்சிப்பொருளை ஐந்தாம் வேற்றுமையுருபே தரும். "சிறிது" என்பது திரியாது. ஆங்கிலத்திலோ அடைமொழியே ஸ்மோல், ஸ்மோலர், ஸ்மோலெஸ்ற் எனத் திரியும். இதனை முதற்கண் விளக்காதவிடத்து, மாணாக்கர் அடைமொழியை வாளா விட்டுத் 'தான்' என்னும் இடைச்சொல்லை மாத்திரஞ் சேர்ப்பர். திருத்தியபின் 'மோர் ஸ்மோலர்' என இரட்டிப்பர். ஷேக்ஸ்பியர் காலத்தில் இரட்டித்தல் வழக்கே. இக்காலப் பரீட்சையில் அது பிழையேயாம்.

ஓருயிரோசைச் சொற்கள் பெரும்பாலும் ஈறு திரியும். மூன்றும் அதற்குமேலும் உயிரோசையுடையன 'மோர்', 'மோஸ்ற்' முன்வரப்பெறும். ஈருயிரோசையனவற்றுள் 'ஹப்பி' போல்வன ஈறு திரியும். ஏனையவற்றை வழக்கு நோக்கிக் கற்பித்தலே தக்கதென்பேம். 'குட்' என்பது 'பெற்றர்', 'பெஸ்ற்' என முழுதும் வேறுபடுதலின் மனனமே வழி. 'சீனியர்', 'ஜூனியர்' என்பன இலத்தீன் உறழ்சொற்களாதலின் 'தான்' ஏலா. 'ரு' என்பதனையே வேண்டி நிற்கும்.