பாஸ்வேர்டை மறந்தவருக்கு ஒரு வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

இணையதளம் கட்டக் கற்றுக்கொள்ள லாகின், தேடல், ஃபைல் அப்லோட் என்று பட்டியல் போட்டு, நாளுக்கு ஒன்றாக வீடியோ பார்த்து முடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். பட்டியலை ஓரமாக வை. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ என்கிற அந்தச் சின்ன லிங்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார். வீடியோக்காரர் அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். மெயில் போய்ச் சேர்ந்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது.

நீ கெட்ட எண்ணத்தோடு அதைப் பயன்படுத்திப் பார். யாருடைய மெயில் முகவரியையாவது போட்டதும் ‘இப்படி ஒரு கணக்கு இல்லை’ என்று வருகிறதா? உன் தளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாய். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில்தான் வர வேண்டும். மெயில் போகும்வரை பக்கம் காத்திருந்தால் அந்தத் தாமதமே காட்டிக்கொடுத்துவிடும்; அதனால் மெயிலை க்யூவில் போட்டுவிடு. மெயிலில் போகும் லிங்க்கில் இருக்கும் ரகசியக் குறியீடு, அதாவது டோக்கன், யாரும் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும். டேட்டாபேஸில் அதன் ஹாஷ் மட்டும் போதும். ஒரு மணி நேரத்தில் காலாவதியாகட்டும், ஒரே முறைதான் செல்லட்டும்.

அந்த ‘ஒரே முறை’யில் ஒரு வம்பு உண்டு. சில அலுவலகங்களின் மெயில் சர்வர், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க லிங்க்கைத் தானே ஒரு தடவை திறந்துவிடும். திறந்ததுமே டோக்கன் செலவாகிவிட்டால், உரியவர் வந்து கிளிக் செய்யும்போது ‘காலாவதி’ என்றுதான் வரும். புதிய பாஸ்வேர்டை எழுதி அனுப்பும்போதுதான் டோக்கனைச் செலவழிக்க வேண்டும். அதே கையோடு, மற்ற கருவிகளில் திறந்திருக்கும் லாகின்களையும் மூடிவிடு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பாஸ்வேர்டைத் தமிழில் வைப்பவரையும் நினைத்துப் பார். ஹாஷ் செய்ய 1999இல் வந்த பிகிரிப்டை இன்றும் பரவலாகப் பயன்படுத்துகிறோம். அது முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். யூடிஎஃப்-8இல் ‘க’வுக்கு 3 பைட், கால், கொம்பு, புள்ளி சேர்ந்தால் குறைந்தது 6. ஆக 12 எழுத்திலேயே எல்லை வந்துவிடலாம். இன்னொன்று: ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஹாஷ் மாறிவிடும். போனில் வைத்த பாஸ்வேர்ட் கம்ப்யூட்டரில் செல்லாது என்று புகார் வந்தால் இதையும் சந்தேகப்படு. ஹாஷுக்கு முன்னால் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடு. தேடலுக்கும் இதே மருந்துதான்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு ஜாங்கோ என்கிற வெப் ஃபிரேம்வொர்க்கின் மூலக்கோடைத் திறந்து படி, முன்னால் அல்ல. அதில் ரீசெட் டோக்கனை டேட்டாபேஸில் வைப்பதே இல்லை. பழைய பாஸ்வேர்டின் ஹாஷையும் சேர்த்துக் கையொப்பமிட்டு டோக்கனை உருவாக்குகிறார்கள். பாஸ்வேர்ட் மாறியதும் டோக்கன் தானாகச் செத்துப்போகிறது. நான் ரசித்துப் படித்த கோட் அது. ஆனால் அப்படியே விட்டால் 3 நாள் அவகாசம் கொடுக்கிறது, எனக்கு அது அதிகம். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அவகாசத்தை மட்டும் குறைத்து, ஜாங்கோவினுடையதையே போடு. நீ எழுதியதைப் போடாதே.

அன்புடன்,
அண்ணன்