சந்தவாசல் டு வேலூர்: ஒரு இ-பாஸ் பாடம்

சந்தவாசல் பஸ் ஸ்டாப்ல நின்னா ரெண்டு பக்கமும் பஸ் கிடைக்கும். ஒண்ணு போளூர் வழியா திருவண்ணாமலை. இன்னொண்ணு கண்ணமங்கலம் வழியா வேலூர். எங்க மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலைதான். ஆனா உடம்புக்கு ஏதாவதுன்னா எங்க ஊர்க்காரங்க பெரும்பாலும் ஏறுறது வேலூர் பஸ்லதான். வேலூர்தான் பக்கம், பெரிய ஆஸ்பத்திரிகளும் அங்க இருக்கு.

2020 ஜூன்ல அந்த வேலூருக்குப் போக அனுமதி தேவைப்பட்டுச்சு.

அந்த வருஷம் ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை 8 மண்டலமா பிரிச்சாங்க. மண்டலத்துக்குள்ள போய் வர இ-பாஸ் வேண்டாம். மண்டலம் தாண்டினா கட்டாயம். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் எல்லாம் மண்டலம் 3. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி மண்டலம் 2. அதாவது சந்தவாசல்ல இருந்து இ-பாஸ் இல்லாம கடலூர் கடற்கரை வரைக்கும் போகலாம். பக்கத்துல இருக்கிற வேலூருக்குப் போக முடியாது.

நம்மள்ல நிறைய பேர் பத்தாம் வகுப்பு "ஆல் பாஸ்" பேட்ச். பரீட்சை ரத்துன்னு ஜூன் 9ஆம் தேதி அறிவிச்சப்போ வீட்ல குதிச்சது ஞாபகம் இருக்கும். எங்க வீட்ல அதே வாரம் வேற ஒரு டென்ஷன். தாத்தாவுக்கு மாசா மாசம் வேலூர்ல சிறுநீரக செக்கப். இங்கிலீஷ் மீடியம் பையன்னு சொல்லி இ-பாஸ் போடுற வேலையை என்கிட்ட கொடுத்தாங்க. நான் அவசரத்துல மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து ஆதாரமா ஏத்திட்டேன். விண்ணப்பம் நிராகரிப்பு. தப்பு என்னோடதுதான்: மருத்துவக் காரணத்துக்கு மருத்துவ ஆவணம் வேணும், மாத்திரை அட்டை ஆவணம் ஆகாது. அடுத்த தடவை ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் சீட்டை ஏத்தினேன், பாஸ் வந்துச்சு. இடையில மூணு நாள் போச்சு. அந்த மூணு நாளும் தாத்தா கால் வீக்கத்தோட திண்ணையில உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

விதியைப் படிக்கத் தெரியாததுக்கு நான் கொடுத்த விலை அது. வேலைக்கோ மேல்படிப்புக்கோ நாளைக்கு நீங்க வெளிநாடு போகலாம், அதனால இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஊர் எல்லையோ நாட்டு எல்லையோ, எந்தப் பயண விதியையும் அஞ்சு கேள்வி கேட்டுப் படிக்கலாம்.

1. இது யார் போட்ட விதி?

இந்தியாவுக்குள்ள எங்கயும் தடையில்லாம போய் வர்றது அரசியலமைப்பு நமக்குத் தர்ற உரிமை, பிரிவு 19(1)(டி). பொதுநலனுக்காக அதுல நியாயமான கட்டுப்பாடு போடலாம்னு பிரிவு 19(5) சொல்லுது. 2020 லாக்டவுனுக்கு முக்கிய ஆயுதம் 2005ஆம் வருஷத்து பேரிடர் மேலாண்மைச் சட்டம். கூடவே 1897ல பிளேக் காலத்துல வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொற்றுநோய்கள் சட்டமும் இருந்துச்சு.

ஒரே பயணத்துக்கு மேல மூணு அடுக்கு விதி இருக்கும்: மத்திய அரசு, மாநிலம், மாவட்ட ஆட்சியர். ஒரு அடுக்கு திறந்தா எல்லாம் திறந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. 2020 செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம்னு ஆச்சு. ஆனா நவம்பர் 29 கார்த்திகை தீபத்தன்னைக்கு திருவண்ணாமலையில பக்தர்களுக்கு கிரிவலம் போக அனுமதி கிடையாது. உள்ளே நுழையுற விதி வேற, உள்ளூர்க் கட்டுப்பாடு வேற. ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும்.

2. எல்லைக்கோடு எங்க?

வைரஸுக்கு மாவட்டம் தெரியாது. ஆனா விதியை நடைமுறைப்படுத்த ஒரு கோடு வேணும். ஏற்கெனவே கையில இருந்தது மாவட்டக் கோடு, அதையே எடுத்துக்கிட்டாங்க. வேலூரும் திருவண்ணாமலையும் 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டம். நிர்வாக வசதிக்காக அப்போ பிரிச்ச கோடு, 31 வருஷம் கழிச்சு செக்போஸ்ட் ஆயிடுச்சு. ஜவ்வாது மலையைப் பாருங்க: ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம், புதூர்நாடு பக்கம் திருப்பத்தூர் மாவட்டம். ஒரே மலை, ரெண்டு மண்டலம். அதனால உங்க வழி எந்தெந்தக் கோட்டைத் தாண்டுதுன்னு முதல்ல மேப்ல பாருங்க.

3. எதைச் சோதிக்குது? நாள் கணக்கு எப்படி வந்துச்சு?

கிருமி உடம்புக்குள்ள போனதுக்கும் அறிகுறி தெரியுறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி உண்டு. கொரோனாவுக்கு ஆரம்பத்துல கணக்குப்படி சராசரியா 5 நாள், அதிகபட்சம் 14 நாள் வரைன்னு வச்சாங்க. 14 நாள் தனிமை வந்தது இப்படித்தான்.

டெஸ்ட்டும் அப்படியே. நேத்து தொற்றின ஆளுக்கு இன்னைக்கு ஆர்டி-பிசிஆர் எடுத்தா நெகட்டிவ் வர வாய்ப்பு அதிகம். அதனாலதான் ஒமைக்ரான் சமயத்துல, 2022 ஜனவரி 11 முதல், வெளிநாட்டிலிருந்து இந்தியா வர்றவங்க பயணத்துக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த டெஸ்ட், வந்த பிறகு 7 நாள் வீட்டுத் தனிமை, 8ஆம் நாள் மறுபடி டெஸ்ட்னு விதி இருந்துச்சு. முதல் வலையில தப்பிச்சது ரெண்டாவதுல மாட்டும்.

இன்னைக்கும் நடைமுறையில இருக்கிற ஒரு உதாரணம் மஞ்சள் காய்ச்சல். கென்யா மாதிரி அந்த நோய் இருக்கிற நாட்டுல இருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாம இந்தியா வந்தா 6 நாள் வரைக்கும் தனிமையில வைக்கலாம். நம்ம ஊர்ல டெங்குவைப் பரப்புற அதே ஏடிஸ் கொசுதான் அதையும் பரப்பும். கொசு இங்க நிறைய இருக்கு, நோய் மட்டும் இல்ல. அதனாலதான் இவ்வளவு கண்டிப்பு. இந்தியர்கள் திரும்பி வரும்போதும் இதே விதிதான். ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதை எண்ணுங்க.

4. யாருக்கு விலக்கு? என்ன ஆதாரம்?

நெருங்கிய உறவினர் கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம், வேற ஊர்ல மாட்டிக்கிட்டவங்க. இவங்களுக்குத்தான் முதல்ல இ-பாஸ். ஒவ்வொண்ணுக்கும் தனி ஆதாரம். நான் கோட்டை விட்டது இங்கதான். விலக்கு இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் போதாது. அதுக்கு எந்தக் காகிதம் கேட்கிறாங்கன்னு படிக்கணும். போன் இல்லாத, போர்ட்டல் தெரியாத வீட்டுக்கு விலக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆகஸ்ட் 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் கார்டு விவரமும் போன் நம்பரும் கொடுத்து விண்ணப்பிச்சா உடனே பாஸ்னு மாத்தினாங்க. அதுவரைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட போன் கேட்டு நின்னவங்க எத்தனை பேர்!

5. எந்தத் தேதி வரை?

தேதி போடாத விதியை நம்பாதீங்க. ஜூன் 1 வந்த மண்டலச் சலுகை 25ஆம் தேதியே நின்னுடுச்சு. மறுபடி மாவட்டம் தாண்டவே இ-பாஸ். மாநிலத்துக்குள்ள போக்குவரத்துக்குத் தனி அனுமதி கேட்கக் கூடாதுன்னு ஜூலை 29 வழிகாட்டுதல்லயே மத்திய அரசு சொல்லியும், ஆகஸ்ட் 22 உள்துறைச் செயலர் மறுபடி கடிதம் எழுத வேண்டியிருந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் செப்டம்பர் 1. அப்பவும் வெளி மாநிலத்துல இருந்து வர்றவங்களுக்கு இ-பாஸ் தொடர்ந்துச்சு. வெளிநாட்டுப் பயணிகளுக்கான 7 நாள் தனிமையும் 2022 பிப்ரவரி 14 முதல் போச்சு. பழைய வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் பார்த்துக் கிளம்பினா செக்போஸ்ட்லதான் நிக்கணும். அரசாணை, தூதரகப் பக்கம், விமான நிறுவனப் பக்கம், மூணையும் கிளம்புற வாரத்துல ஒரு தடவை பாருங்க.

விதியே வேண்டாம்னு நான் சொல்ல வரல. அந்த ஜூன்ல எல்லாரும் இஷ்டத்துக்குப் போய் வந்திருந்தா தாத்தா மாதிரி ஆளுங்களுக்குத்தான் முதல் ஆபத்து. ஆனா அவரைக் காப்பாத்தப் போட்ட கோடு, அவரோட ஆஸ்பத்திரிக்கும் அவருக்கும் நடுவுல வந்து நின்னுச்சு. ஒரு கோடு போடும்போதே அதைத் தாண்டியாக வேண்டியவங்க யாருன்னு யோசிக்கணும். நாளைக்கு நம்மள்ல யாராவது அந்த மாதிரி போர்ட்டல் எழுதலாம், ஏதாவது ஒரு அலுவலகத்துல உட்கார்ந்து அந்தக் கோட்டையே கூட வரையலாம்.

இப்போ உங்களுக்கு ஒரு பயிற்சி. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துச்சு. இந்தத் தடவை காரணம் நோய் இல்ல, கூட்டம். உத்தரவு சென்னை உயர் நீதிமன்றத்தோடது. அடுத்த டூர் பிளான் போடும்போது இதே அஞ்சு கேள்வியை அதுக்குக் கேட்டுப் பாருங்க.